குட்டி யானை கடலுக்குப் போகுமா?

கேள்வி:

ஐயா, விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருக்கிறேன். காபி கப், அகல் விளக்கு, கொஞ்சம் பீஸ் கட்டை செய்கிறோம். வாரம் ஒரு நடை கடலூருக்கும் ஒரு நடை புதுச்சேரிக்கும் சரக்கு போகிறது. நெய்வேலிப் பக்கம் மண் எடுக்கவும் வண்டி வேண்டும். இதுவரை எல்லாமே வாடகை வண்டிதான். மின்சாரக் குட்டி யானை ஒன்று சொந்தமாக வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.

என் மகனுக்கு 19 வயது. புதுச்சேரியில் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. பழைய ஒன்பது அடிப் பலகை ஒன்றை வாங்கியும் வந்துவிட்டான். அமெரிக்காவில் மின்சாரப் பிக்கப்பில் பலகையைப் போட்டுக்கொண்டு கடற்கரை கடற்கரையாகச் சுற்றுகிற வீடியோவைக் காட்டி, “ஞாயிற்றுக்கிழமை வண்டி சும்மாதானே நிற்கும்? நானும் கூட்டாளிகள் மூன்று பேரும் கோவளம் வரைக்கும் போய்வருகிறோம்” என்கிறான். வண்டி தாங்குமா? உப்புக் காற்றில் பேட்டரி கெட்டுப்போகாதா? பலகையில் ஓர் இடத்தில் விரிசல் இருக்கிறது. அதை நம் பட்டறையிலேயே அடைக்க முடியுமா என்றும் கேட்கச் சொன்னான்.

— ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்:

வாங்கலாம். ஆனால் கப்புக்காக வாங்குங்கள். பலகைக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போடாதீர்கள். சரக்குக் கணக்கில் வண்டி கட்டுப்படியானால், பலகை ஓசியில் ஏறிக்கொள்ளும்.

தம்பியின் ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வண்டி தாங்குமா என்று பார்ப்பதற்கு முன்பே சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. சரக்கு ஏற்றுகிற வண்டி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அது போக்குவரத்து வாகனம்தான். அதைப் பொதுச் சாலையில் ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். காருக்கு 18 போதும், இதற்குப் போதாது. ஆக, அடுத்த பிறந்தநாள் வரை தம்பி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகு சிக்கல் இல்லை. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வண்டிக்குச் சாதாரண எல்எம்வி உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்தது. பேட்டரி வண்டிகளுக்கு மத்திய அரசு 2018-லேயே பெர்மிட்டிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. எஃப்சி, இன்சூரன்ஸ் வழக்கம்போல உண்டு.

கூட்டாளிகள் மூன்று பேர் சமாச்சாரம் வேறு. கேபினில் டிரைவரோடு ஒருவர்தான் உட்கார முடியும். மற்றவர்கள் பின்னால் தொட்டியில் ஏறிக்கொள்வது நம் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று சகஜமாக நடக்கிறது. போலீஸ் பார்த்தும் பார்க்காமல் விடலாம், இன்சூரன்ஸ் கம்பெனி விடாது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்கு அடிபட்டால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்தப் பணத்தை உங்கள் பட்டறைதான் கட்டவேண்டி வரும். பிள்ளைகளிடம் இதை ரூபாய்க் கணக்கில் சொல்லிப் பாருங்கள், சட்டப் பிரிவைவிட நன்றாகப் புரியும்.

அடுத்தது பலகையின் நீளம். குட்டி யானைகளில் ஒன்றான டாடா ஏஸ் ப்ரோவின் சரக்குத் தொட்டி ஆறரை அடி. ஒன்பது அடிப் பலகையைப் படுக்கப் போட்டால் இரண்டரை அடி வெளியே நீட்டும். அனுமதித்த அளவை மீறி முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். 2019 சட்டத் திருத்தத்தில் சேர்த்தது. சிவப்புத் துணி கட்டினால் போதும் என்பதெல்லாம் பழைய காலம். குறுக்கு மூலைக்கு மூலை போட்டாலும் எட்டு அடிக்கு மேல் இடம் கிடைக்காது.

வழி மேலேதான் இருக்கிறது. தொட்டியின் பின்பக்கம் ஒரு குறுக்குக் கம்பி, கேபினுக்குப் பின்னால் ஒன்று, இரண்டும் கேபின் கூரை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒன்பது அடிப் பலகை அதன்மேல் படுத்தால் வண்டியின் நீளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். இதைச் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்து வெல்டிங் பட்டறையில் வண்டியை நிறுத்தி நேரடியாகப் பற்றவைக்கச் சொல்லாதீர்கள். மின்சார வண்டியின் பேட்டரித் தொடர்பைத் துண்டிக்காமல் வெல்டிங் வைத்தால் கண்ட்ரோலர் போய்விடும், வாரண்டியும் கூடவே போய்விடும். கம்பிச் சட்டத்தைத் தனியாகப் பற்றவைத்து, போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள். அதற்கும் டீலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பி மேல் ஏசி பைப்புக்குச் சுற்றுகிற கறுப்பு நுரைக் குழாயைப் போட்டு, பலகையின் மேற்புறம் கீழே பார்க்க, துடுப்பு மேலே வர, துடுப்புப் பக்கம் வண்டியின் முன்னால் இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். கயிறு வேண்டாம், இரண்டு அங்குலப் பட்டை போதும். பட்டையை மாட்டும்போது ஒரே ஒரு முறுக்கு விடுங்கள். தட்டையாகவே இழுத்துக் கட்டினால் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் அதிர்ந்து விருத்தாசலத்திலிருந்து வடலூர் வரைக்கும் ஒப்பாரி வைக்கும். கொக்கி உலோகம் பலகையைத் தொடக் கூடாது. இறுக்கமும் அளவோடுதான், சுடாத கப்பைக் கையில் எடுக்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்த வீடியோ. தம்பி பார்த்தது பெரும்பாலும் ரிவியன் ஆர்1டி-யாக இருக்கும். 2021-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த வண்டி அது. பேட்டரி 135 யூனிட், வண்டியின் எடை மூன்று டன்னுக்கு மேல், ஒரு சார்ஜில் சுமார் 500 கிலோமீட்டர் என்று அந்நாட்டு அரசுச் சான்று. இந்தியாவில் அது விற்பனைக்கு இல்லை. நான்கு பேர் உட்கார்ந்து பின்னால் சாமான் போடுகிற மாதிரி மின்சாரப் பிக்கப் எதுவும் நம் ஷோரூமில் நான் இதுவரை பார்த்ததில்லை. இசுசு தன் டி-மேக்ஸின் மின்சார வடிவத்தை 2024 மார்ச்சில் பாங்காக்கில் காட்டியது. ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் அவர்களுக்குத் தொழிற்சாலை இருப்பதால் ஒருநாள் இங்கேயும் வரலாம். வந்தாலும் கப் விற்று வாங்குகிற விலையில் வராது.

நம் கைக்கு எட்டுவது குட்டி யானைதான். டாடா ஏஸ் இவி 2022 மே மாதம் அறிமுகமானது, பேட்டரி 21.3 யூனிட், சான்றிதழ் தூரம் 154 கிலோமீட்டர். 2025 ஜூனில் வந்த ஏஸ் ப்ரோ இவி-க்குப் பேட்டரி 14.4 யூனிட், சான்றிதழ் தூரம் 155, ஏற்றக்கூடிய எடை 750 கிலோ, அறிமுக விலை ஆறரை லட்சம். மகிந்திராவிடமும் நான்கு சக்கர மின்சாரச் சரக்கு வண்டி இருக்கிறது. விற்பனைக்காரர் உங்களிடம் 154-ஐயும் 155-ஐயும்தான் சொல்வார். நீங்கள் பேட்டரியைப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு சின்ன பேட்டரியில் அதே தூரம் என்றால், அது இலேசான வண்டி, சோதனைக்கூடக் கணக்கு. அரை டன் கப்பை ஏற்றிக்கொண்டு ஜூன் மாத எதிர்க்காற்றில் போகும்போது எந்த வண்டியும் அந்தச் சான்றிதழைப் படித்துவிட்டு ஓடுவதில்லை. பெரிய பேட்டரிக்கு 110 என்றும், சின்னதற்கு 80, 90 என்றும் மனத்தில் வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

விருத்தாசலத்திலிருந்து மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். புதுச்சேரியைத் தாண்டி, அலைச்சறுக்குக்காரர்கள் கூடுகிற தந்திராயன்குப்பம் செரினிட்டி கடற்கரை சுமார் 90. பெரிய பேட்டரி வண்டி போய்ச் சேர்ந்துவிடும், திரும்பி வராது. உங்கள் ஊர்க் கதைதான் ஞாபகம் வருகிறது: சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். விருத்தாசலத்தில் போட்ட கரண்டைப் புதுச்சேரியில் எடுத்துவிடலாம்; வீடு திரும்ப அங்கே இன்னொரு தடவை போட்டாக வேண்டும். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் ஏறும். ஐந்து மணி நேரம் நின்றால் 15 யூனிட், காலி வண்டிக்கு 80 கிலோமீட்டர். வேகச் சார்ஜர் என்றால் இன்னும் சீக்கிரம் வேலை முடியும். நீங்கள் வாங்குகிற மாடல் வேகச் சார்ஜரை ஏற்குமா, எந்த வகைப் பிளக் என்பதை வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வாங்குங்கள்.

இங்கேதான் உங்கள் சரக்கும் தம்பியின் அலையும் ஒத்துப்போகின்றன. நம் கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வருகிற அலைதான் அலைச்சறுக்குக்கு நல்லது. மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியை 2025 ஆகஸ்டில் நடத்தியதும் இந்தப் பருவத்தில்தான். அதில் நம் நாட்டு ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்த மாதங்களில் விடிகாலையில் மேல்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அலை நிமிர்ந்து நின்று உடையும். பதினொரு மணிக்கு மேல் கடல்காற்று திரும்பியதும் எல்லாம் குழம்பிவிடும். புதுச்சேரிக் கடைக்காரர்கள் ஷட்டரைத் தூக்குவதோ பத்து மணிக்கு.

ஆகவே புதுச்சேரி நடையைச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். டிரைவரும் தம்பியும் மூன்றரை மணிக்குக் கிளம்பட்டும். இந்த வண்டிகளின் உச்ச வேகமே மணிக்கு 60-ஐத் தாண்டாது. ஐந்தரை, ஆறுக்குக் கடற்கரை. வண்டி சார்ஜில் நிற்க, தம்பி எட்டரை வரைக்கும் தண்ணீரில் இருக்கலாம். பத்து மணிக்குக் கடை கடையாகக் கப்பை இறக்குகிற வேலை அவனுடையது. ஒரு கூலியாள் சம்பளம் மிச்சம். மதியம் மறுபடி கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கொண்டு மாலையில் ஊர் திரும்பலாம். இடையில் வடலூரிலோ கடலூரிலோ அவசரத்துக்கு ஒரு பிளக் கொடுக்கிற தெரிந்தவர் இருந்தால் இன்னும் நிம்மதி. கடலூர் நடையில் இந்தக் கவலை குறைவு. அங்கே சில்வர் பீச்சிலும் அலை உண்டு, ஆனால் இழுப்பு பலமான கடல். கற்றுக்குட்டி தனியாக இறங்குகிற இடமில்லை.

சரி, கட்டுப்படியாகுமா? பெட்ரோல் ஏஸ் ப்ரோவின் அறிமுக விலை நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மின்சார ஏஸ் ப்ரோவுக்கு இரண்டரை லட்சம் அதிகம். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்குள் ஓடிவிடும்; பெட்ரோலுக்கு ஐந்தரை ஆகும். மூன்றரை ரூபாய் மிச்சம் என்றால் அந்த இரண்டரை லட்சத்தை எடுக்க 70,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். நீங்கள் சொன்ன இரண்டு நடையும் மண் எடுப்பதும் சேர்த்தால் மாதம் 1,500 தேறும், நான்கு ஆண்டு. கார்த்திகைக்கு முன்னால் அகல் விளக்கு ஓடுகிற மாதங்களில் இன்னும் கூடலாம். பேட்டரி வாரண்டி அந்த நான்கு ஆண்டுக்கு மேல் தாராளமாக நீள வேண்டும், அதுதான் நீங்கள் பேரம் பேச வேண்டிய இடம். மாதம் 1,000-க்குக் கீழே ஓடினால் வாடகை வண்டியே மேல்.

சார்ஜ் போடுகிற இடத்தைச் சூளைக் கொட்டகையிலிருந்து தள்ளி, நிழலில் வையுங்கள். இந்த வண்டிகளில் இருக்கிற இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் பேட்டரி சூட்டைத் தாங்கும் ரகம்தான், அதற்காகக் கத்திரி வெயிலில் ஓடிவந்த கையோடு செருக வேண்டாம். அரை மணி ஆறட்டும். தனி எம்சிபி, நல்ல எர்த், தடித்த வயர். எக்ஸ்டென்ஷன் பெட்டி ஆகவே ஆகாது. சார்ஜ் ஏறி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் தலையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், சுட்டால் சாக்கெட்டை மாற்றுங்கள்.

உப்புக் காற்றைப் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். பேட்டரிப் பெட்டி தண்ணீர், தூசி புகாதபடி மூடியது. காற்று அதை ஒன்றும் செய்யாது. அரிப்பது அடிச்சட்டம், பட்டா ஸ்பிரிங், போல்ட், சார்ஜ் செருகுகிற வாய். கடலிலிருந்து திரும்பிய அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் பைப்பை ஆரஞ்சு நிற வயர்களின் பக்கம் திருப்பவிடாதீர்கள். அந்த நிறம் உயர் மின்னழுத்தத்தின் அடையாளம். ஈரப் பலகையைச் சரக்கோடு போடக் கூடாது. சொட்டுகிற உப்புத் தண்ணீர் வைக்கோலையும் அட்டைப் பெட்டியையும் ஊறவைத்துவிடும், பெட்டியின் அடி பிய்ந்தால் மிச்சத்தை நீங்களே அறிவீர்கள்.

மணலில் மட்டும் இறக்காதீர்கள். சின்ன டயர், பின்சக்கர இழுவை, மேலே பாரம். பத்தடி போவதற்குள் அச்சு வரைக்கும் புதைந்து, டிராக்டர் தேட வேண்டியிருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறுகிற கரை வேறு. தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டுப் பலகையைத் தலையில் சுமந்து போகட்டும்.

கோவளத்துக்கு இந்த வண்டி வேண்டாம். ஒரு வழியே 200 கிலோமீட்டர். போகவர மூன்று தடவையாவது சார்ஜ், இரண்டு நாள். அங்கே மூர்த்தி மேகவன் என்கிற மீனவர் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளி இருக்கிறது, மாமல்லபுரத்திலும் பள்ளிகள் உண்டு. பலகை வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் ஊர் ரயில் ஜங்ஷன். செங்கல்பட்டில் இறங்கி பஸ் பிடித்தால் மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர்தான். கூட்டாளிகள் மூன்று பேருக்கும் சேர்த்து இதுதான் சட்டப்படியான இருக்கை.

தம்பி இந்த வண்டியைப் புகையில்லா வண்டி என்று சொல்லியிருப்பான். அதில் பாதி நிஜம். உங்கள் கப்பின் வெள்ளை மண் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டுகிற நிலத்திலிருந்து வருகிறது. உங்கள் பிளக்கில் வருகிற கரண்டிலும் அந்த நிலக்கரி கலந்திருக்கிறது. ஆனால் மே முதல் செப்டம்பர் வரை, ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றுகிற காலம். அவன் அலைக்குப் போகிற மாதங்களும் அவைதான்.

கடைசியாக விரிசல். பட்டறையில் அடைக்க முடியும், ஆனால் களிமண்ணும் கிளேஸும் இங்கே உதவாது. பலகைக்குள் இருப்பது நுரை, மேலே கண்ணாடி இழையும் ரெசினும். விரிசலைக் கண்டதும் தண்ணீரில் இறங்குவதை நிறுத்தி, விரிசல் கீழே பார்க்கும்படி நிழலில் சாய்த்து வையுங்கள். உப்புத் தண்ணீர் வடிய நாலைந்து நாள்கூட ஆகும். கப் காயவைக்கிற அறை இருக்கிறதே என்று அதில் வைத்துவிடாதீர்கள், அந்தச் சூட்டில் நுரை உப்பித் தோல் கழன்றுவிடும். காய்ந்தபின் சுற்றிலும் உப்புத்தாளால் தேய்த்து, கண்ணாடி இழைத் துணி ஒரு துண்டு வைத்து எபாக்சி ரெசின் தடவினால் போதும். கடலூர் துறைமுகப் பக்கம் ஃபைபர் படகு ஒட்டுகிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசினைத்தான் கொடுப்பார்கள். படகுக்கு அது சரி. உங்கள் பலகையின் உள்நுரை தெர்மகோல் ஜாதியாக இருந்தால் பாலியஸ்டர் பட்ட இடத்தில் கரைந்து குழியாகிவிடும். பழைய பலகை என்பதால் எந்த நுரை என்று விற்றவருக்கே தெரியாமல் இருக்கலாம். எபாக்சி எந்த நுரைக்கும் ஒத்துவரும்.